அமுதாவின் ஊசி நாள்

'ஜூன் 10, செவ்வாய். அ. – ஊசி.'

என் சுவர்க் காலண்டரில் நான் எழுதிய குறிப்பு இது. ஊசி எனக்கல்ல. மர்பி டவுனில் என் வீட்டு மாடியில் குடியிருக்கும் அமுதாவுக்கு. (பெயரை மாற்றிவிட்டேன். அவள் கணவர் கன்னட மீடியம், தமிழ் படிக்க வராது. இருந்தாலும்...)

அமுதா ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். இரண்டு பெண் குழந்தைகள். பேரன் வேண்டும் என்கிறார் மாமியார். கணவரும் அம்மா கட்சி. அமுதாவுக்கு மூன்றாவது வேண்டாம். அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசு ஆஸ்பத்திரியில் கருத்தடை ஊசி – வீட்டுக்குத் தெரியாமல்.

"மாத்திரை போடலாமே?" என்றேன்.

"ஒரே ரூம் கா. எங்க ஒளிச்சு வெக்கிறது? அரிசி டப்பால அத்தை கை, பேக்ல அவரு கை. ஊசின்னா உடம்புக்குள்ள போயிடும். யார் தேடுவாங்க?"

"தேதி?"

"போன்ல போட்டா அவரு பாப்பாரு. உங்க காலண்டர்ல எழுதிடுங்க. உங்க வீட்டுக்கு யாரு வரப்போறாங்க..."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். தப்பில்லை... யாரும் வருவதில்லைதான்.

மைசூர் சமஸ்தானம் 1930-லேயே அரசு கருத்தடை நிலையங்களைத் திறந்தது. ஆனால் இந்த ஊசியைப் பெண்கள் அமைப்புகள் பல வருடம் எதிர்த்தன, உச்ச நீதிமன்றம் வரை போயின. ஏழைப் பெண்ணுக்குச் சொல்லாமலே போட்டுவிடலாம், போட்டபின் திரும்ப எடுக்க முடியாது என்பது அவர்கள் பயம். நியாயமான பயம். ஆனால் கண்ணுக்குத் தெரியாது என்பதற்காகவே அமுதா அதைத் தேர்ந்தெடுத்தாள். இதை எந்தப் பக்கத்துக் கணக்கில் எழுதுவது?

ஜூன் முதல் வாரம், மாமியாருக்குக் கால் முறிவு. குடும்பமே சொந்த ஊரான ஆனேக்கல் போய்விட்டது. பத்தாம் தேதி அவள் வரவில்லை. சில வாரம் தள்ளினால் பரவாயில்லை என்று நர்ஸ் சொல்லியிருந்தாராம். அந்தச் சில வாரமும் போனது. மாடியில் சத்தமே இல்லை.

பொறுக்காமல் போன் செய்தேன். கணவர் எடுத்தார்.

"அமுதா இல்லைங்களா?"

"போனை வெச்சிட்டு ஆஸ்பத்திரி போயிருக்கா கா. ரெண்டு நாளா தலைசுத்தல்னா. எதனா சொல்லணுமா?"

சுவர்க் காலண்டரைப் பார்த்தேன்.

"கேஸ் சிலிண்டர்காரன் வந்துட்டுப் போனான்" என்றேன்.

தலைசுத்தல், ஊசிக்காக அவள் சொன்ன சாக்கா? இல்லை, நிஜமாகவே...? இதை எழுதும் இந்த நிமிடம் வரை, சரிபார்க்க முடியவில்லை.