ஐந்நூற்று ஒன்றாவது பத்திரிகை

ஐந்நூறு கல்யாணப் பத்திரிகை அடிக்கச் சொன்னால் ஐந்நூற்று ஒன்று அடிப்பது என் அச்சகத்தின் வழக்கம். கூடுதலான அந்த ஒன்றின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி மேசை டிராயரில் வைத்துவிடுவேன். ஏதோ சாமி காரியம் என்று வந்தவர்கள் நினைத்துக்கொள்வார்கள். என்னைப் பற்றி யாராவது உயர்வாக நினைப்பது அபூர்வம் என்பதால் நானும் மறுப்பதில்லை. உண்மையில் அது நர்ஸம்மாவுக்கு.

கிராம சுகாதாரச் செவிலியர் என்பது அவருடைய வேலையின் பெயர். அரியலூரில் என் அச்சகத்துக்கு எதிரில்தான் செந்துறை பஸ் நிற்கும். அது வரும்வரை உள்ளே வந்து உட்காருவார். நான் அப்போது படித்துக்கொண்டிருக்கும் புத்தகத்தைப் பற்றி அவருக்கு விரிவாக எடுத்துச் சொல்வேன். பஸ்ஸைக் கண்டதும் அவர் எழுந்து ஓடும் வேகத்துக்குக் கடமை உணர்ச்சி மட்டுமே காரணமாக இருக்க முடியாது.

பன்னிரண்டு வருஷம் இருக்கும். கல்லங்குறிச்சியில் வாழ்க்கைப்பட்ட என் தங்கைக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. அவள் புருஷன் என்னிடம் காதோடு சொன்னார். “மூணு மாசம் ஆவட்டும் மச்சான். கண்ணு பட்டுடும். ஒங்க வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருங்க.” கல்யாணத்தை ஒலிபெருக்கி கட்டி ஊருக்கே சொல்கிற நாங்கள், கர்ப்பத்தை மட்டும் மூன்று மாதம் ஒளித்துவைப்போம். நர்ஸம்மா வாரம் இரண்டு தடவை என் எதிரில் உட்கார்ந்திருந்தார். “தங்கச்சிக்கு ஏதும் விசேஷமா சார்?” என்றுகூட ஒருநாள் கேட்டார். “அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா” என்றேன். என் வாழ்க்கையில் நான் காப்பாற்றிய ஒரே ரகசியம் அது.

ஐந்தாம் மாத ஸ்கேனில் குழந்தையின் முதுகெலும்பு மூடாமல் இருப்பது தெரிந்தது. பிள்ளை தங்கவில்லை.

அடுத்த வாரம் நர்ஸம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அன்றே சொல்லியிருந்தால் காப்பாற்றியிருக்கலாமா என்று கேட்டேன். அவர் திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். “நாள் தள்ளிப்போச்சுன்னு தெரியறப்பவே லேட்டுதான் சார். மொத மாசத்துலயே முதுகெலும்பு மூடிடணும். ஃபோலிக் ஆசிட் மாத்திரைய அதுக்கு முன்னாடியே ஆரம்பிக்கணும். ஆனா எங்கிட்ட எல்லாரும் மூணு மாசம் முடிஞ்சுதான் வராங்க. நான் என்னத்தக் குடுக்கறது?” என்றார்.

சொல்லிவிட்டு, மேசையில் மை காய்ந்துகொண்டிருந்த பத்திரிகைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “இதுல ஒண்ணு எனக்குக் குடுங்க சார்” என்று எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். அப்படி ஆரம்பித்ததுதான். பத்திரிகையைப் பிடித்துக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போவார். சாப்பிட்டுவிட்டு, பெண்ணைத் தனியே அழைத்து விவரம் சொல்லி, இரண்டு அட்டை மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு வருவார். கல்யாண வீட்டில் மாத்திரையோடு வந்து நிற்கும் நர்ஸுக்கு முதலில் எப்படிப்பட்ட வரவேற்பு கிடைத்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

என் தங்கையோ, “இன்னொரு தடவ என்னால முடியாதுண்ணே” என்று சொல்லிவிட்டாள். நர்ஸம்மா விடவில்லை. பெரம்பலூரில் ஒரு டாக்டரம்மாவிடம் அழைத்துப்போனார். ஒருமுறை இப்படி ஆனவர்களுக்கு அளவு கூடுதலாக வேண்டுமாம், டாக்டரம்மா எழுதிக்கொடுத்தார். கர்ப்பம் தரிக்கும் முன்பே தினம் ஒன்று போட வேண்டும். தங்கையின் மாமியார், எங்கள் சம்பந்தியம்மா, குறுக்கே வந்து நின்றார்.

“ஏம்மா நர்ஸு, வயித்துல ஒண்ணும் இல்லாதவளுக்கு எதுக்கு மாத்திர? சூடு கீடு ஏறி இருக்கறதும் கெட்டுடப்போவுது. கீரையும் பயிறும் ஆக்கிப்போட்டாப் பத்தாதா?”

“ஆக்கிப்போடுங்க பெரியம்மா, நல்லதுதான். ஆனா அது மட்டும் பத்தாது. நீங்க மக்காச்சோளம் மொளச்சப் பொறவா அடியுரம் போடுறீங்க?”

சம்பந்தியம்மா நாற்பது வருஷம் வயலில் நின்றவர். அடியுரத்தின் அருமை தெரிந்தவர். அவர் அடுத்த கேள்வியைக் கேட்பதற்குள் நர்ஸம்மா தன் பையிலிருந்த சாதாரண அளவு ஃபோலிக் ஆசிட் மாத்திரை ஒன்றை எடுத்து எல்லார் எதிரிலும் விழுங்கித் தண்ணீர் குடித்தார். குடும்ப மானத்தைக் காக்க நானும் ஒன்று விழுங்கினேன். “ஒனக்கு எதுக்குய்யா?” என்றார் சம்பந்தியம்மா. சிரித்துவிட்டார். அன்று முதல் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு மருமகளுக்கு மாத்திரை எடுத்துக்கொடுக்கும் வேலையை அவரே எடுத்துக்கொண்டார்.

அடுத்த வருஷம் குழந்தை பிறந்தது. நர்ஸம்மா பார்க்க வந்தார். ஆணா பெண்ணா என்றுகூடக் கேட்காமல் குழந்தையைக் கவிழ்த்துப் பிடித்து, பிடரியிலிருந்து ஒரு விரலால் முதுகை மெல்ல வருடிக்கொண்டே கீழே வந்தார். விரல் எங்கும் தடுக்கவில்லை. மாத்திரையால்தான் என்று அவர் ஒருநாளும் சத்தியம் செய்ததில்லை. ஆபத்தைக் குறைக்கும், அவ்வளவுதான் என்பார். அவர் அடக்கமானவர், அந்தக் குறை எனக்குக் கிடையாது. அன்று பிறந்த பெண் இப்போது ஆறாம் வகுப்பு. பள்ளியில் ஓட்டப்பந்தயம் ஓடுகிறாள். நான் முன்வரிசையில் உட்கார்ந்து, நானே ஓடியது போல வியர்க்கிறேன்.

நர்ஸம்மா இப்போது பூலாம்பாடிப் பக்கம் மாறிப் போய்விட்டார். இந்தப் பக்கத்துக்கு வேறொரு நர்ஸம்மா வந்திருக்கிறார். டிராயர் பத்திரிகை அவருக்குப் போகிறது. இப்போதெல்லாம் பத்திரிகைக்கு வரும் அம்மாக்களே, “அந்தக் கல்யாண மாத்திர நர்ஸம்மாவுக்கு ஒண்ணு சேத்து அடிங்க” என்கிறார்கள்.

போன வாரம் பழைய நர்ஸம்மா வந்தார். மகளுக்குக் கல்யாணமாம். ஐந்நூறு போதும் என்றார். அடித்து முடித்து, ஐந்நூற்று ஒன்றாவதை எடுத்து மஞ்சள் தடவி, அவரிடமே நீட்டினேன்.

“இது எதுக்கு சார், எம் பொண்ணு கல்யாணத்துக்கு எனக்கேவா?”

“நீங்க பதில் சொல்லுங்கம்மா. பொண்ணுக்கு மாத்திர ஆரம்பிச்சாச்சா?”

அவர் என்னைப் பார்த்த பார்வையில், இத்தனை வருஷம் புத்தகங்களைப் பற்றி நான் பேசியபோது ஒருதடவைகூடக் கிடைக்காத மரியாதை இருந்தது.

“போன மாசமே” என்றார்.

வெளியே பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. அன்று அவர் ஓடவில்லை.