மதகடியில் தோவா

சொக் திராங் கடலோரத்தில் கால்வாய் மதகை எப்போது திறக்கவேண்டும் என்று சொல்வது தோவாவின் நாக்குதான். மழைக்காலத்தில் நெல். அறுப்பு முடிந்ததும் அதே வயலில் உப்புத் தண்ணீரை விட்டு இறால். கால்வாய்த் தண்ணீரை ஒரு கை அள்ளி வாயில் விட்டுத் துப்பிவிட்டு, "உப்பு ஏறிடுச்சு" என்று அவள் சொன்னால் பலகையைத் தூக்குவார்கள். "இன்னும் இல்ல" என்றால் மறுபேச்சு கிடையாது. உப்பு பார்க்கிற கருவி ஒன்று சங்கத்தில் கிடக்கிறது. அதற்கு பேட்டரி போடத்தான் ஆளில்லை.

அந்த வருஷம் எல்லோரும் அறுத்தாயிற்று. தோவாவின் வயல் மட்டும் பச்சையாக நின்றது. மணியை நசுக்கினால் பால் வந்தது. இந்த நிலையில் உப்புத் தண்ணீர் புகுந்தால் எல்லாம் பதர்தான். எல்லாம் வீம்பு! ஊரே பழகிய குட்டை நெல்லை நட, இவள் ஆற்றின் மேற்கே வாழ்க்கைப்பட்ட அக்காளிடம் வாசனை நெல் வாங்கி வந்து நட்டாள். அக்காளின் நல்ல தண்ணீர் வயலில் அது ஊரோடு ஒத்து விளையும். இங்கே, போன இறாலுக்கு விட்ட உப்பு மண்ணில் தங்கியிருக்கிறதே, அது சும்மா விடுமா? பயிர் திணறித் திணறி, கதிர் தள்ளவே நாளாகிவிட்டது. புருஷன் செத்தபின் அவள் தனியாளாகச் செய்த முதல் வெள்ளாமை. வீட்டில் வேறு நெல் இல்லை.

"என்னக்கா, உன் நெல்லுக்குத் தலைப்பிரசவமா? நாள் தள்ளிக்கிட்டே போவுது!" என்று போகிறவன் வருகிறவன் எல்லாம் கேலி செய்தான். அவளும் சிரித்துவைத்தாள். முந்தாநாள் தண்ணீரை வாயில் வைத்ததுமே நாக்கு கரித்தது. துப்பிவிட்டு, "இன்னும் இல்ல" என்றாள். நேற்றும் அப்படியே சொன்னாள்.

இன்று அவள் வருமுன்பே மதகடியில் கோய் நின்றான். ஊர்க்காரன்; அவன் வீட்டு வரிசையில் அவன் ஆறு, அவள் வீட்டு வரிசையில் அவள் ஐந்து. இந்தப் பக்கம் பெயரை விட்டு அந்த எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

"அஞ்சாமக்கா, குஞ்சு இறால் தொட்டியில பாதி செத்து மிதக்குது. இன்னிக்காவது ஏறுமா?"

"அவசரப்பட்டு உன்னை யாருடா வாங்கச் சொன்னது?"

"என் புத்தியச் செருப்பால அடிக்கணும். அதை விடு. அக்கா பொய் சொல்லுதுன்னு நேத்து ஒருத்தன் சொன்னான். சட்டையப் பிடிச்சுட்டேன். அது நாக்கு பொய் சொல்லாதுடான்னேன்."

தோவாவுக்கு முகம் சுட்டது. குனிந்து தண்ணீரை அள்ளினாள். வாயில் வைக்கவில்லை, கீழே விட்டுவிட்டாள்.

"பலகையத் தூக்கு, ஆறு."

அவன் பாய்ந்துபோய்த் தூக்கினான். தண்ணீர் நுரைத்துக்கொண்டு உள்ளே ஓடியது.

"அப்பாடா! இன்னிக்குத்தான் ஏறிச்சா?"

"மூணு நாளா உப்புதான்டா."

கோய் திரும்பினான். பள்ளத்தில் இருந்த அவள் வயலைப் பார்த்தான். அவன் கழுத்து நரம்பு புடைத்தது.

"என் குஞ்செல்லாம் செத்துச்சே! வாயத் திறந்து எங்கிட்டக் கேட்டிருக்கக் கூடாதா?"

"கேட்டிருந்தா மூணு நாள் குடுத்திருப்பியா?"

தண்ணீர் அதற்குள் அவள் வரப்பைத் தொட்டுவிட்டது.