சரஸ்வதி பூஜையில் வைத்த கால்

சித்தப்பாவின் வலது கால் முழங்காலுக்குக் கீழே கழற்றி மாட்டக்கூடியது என்பதில் எனக்குத் தனிப் பெருமை. எங்கள் வகுப்பில் வேறு யாருக்கும் அப்படியொரு சித்தப்பா இல்லை.

எல்லைச் சண்டையில் கண்ணிவெடி வெடித்துப் போன கால் அது. ராணுவ ஆஸ்பத்திரியில் மரமும் தோலும் இரும்புமாக ஒன்று செய்து கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஊரில் எல்லாரும் தன் முகத்தை விட்டுவிட்டுக் காலையே பார்ப்பதாக அவர் எழுதியிருந்தார். அந்தமானின் மாயாபந்தரில் சர்க்கார் உத்தியோகத்தில் இருந்த அப்பா, "இங்கே வா, இந்தத் தீவில் யாரும் யாரையும் பார்ப்பதில்லை" என்று பதில் போட்டார். அது சுத்தப் பொய். சித்தப்பா கப்பலைவிட்டு இறங்கிய அன்று ஜெட்டியில், அதாவது படகுத்துறையில், பாதி ஊர் நின்று பார்த்தது.

பட்டாளத்தில் அவர் லாரி மெக்கானிக். லாரி இஞ்சினும் படகு இஞ்சினும் பங்காளிகள்தான் என்று சொல்லி அப்பா அவரைப் படகுப் பட்டறைக்கு அழைத்துப் போனார். அங்கிருந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினாராம். கரைக்கும் படகுக்கும் நடுவே கிடந்த பலகையைக் காட்டி, ஏறிப் போய் இஞ்சினைப் பார்க்கச் சொன்னார். மழையில் நனைந்த பலகை. மரக்கால் வழுக்கியது. இருபது பேர் பார்க்கச் சித்தப்பா விழுந்தார். அதற்குப் பிறகு அவர் ஜெட்டிப் பக்கமே போகவில்லை. அக்கம்பக்கத்து ஸ்டவ், டார்ச் லைட், ரேடியோ எல்லாவற்றையும் வீட்டிலேயே உட்கார்ந்து ரிப்பேர் செய்தார். சிரித்த முகந்தான். ஆனால் காலைக் கழற்றும்போது கதவைச் சாத்திக்கொள்வார். கால் இல்லாமல் நாங்கள் அவரைப் பார்த்ததே கிடையாது.

குளிக்கும்போது மட்டும், நனையக் கூடாதென்று அதைக் குளியலறைக்கு வெளியே ஒரு முக்காலியில் சாத்தி வைப்பார். நான் நான்காம் வகுப்புப் படித்த வருஷம், சரஸ்வதி பூஜையன்று காலையிலும் அப்படித்தான் வைத்திருந்தார்.

"யார் யாரு எதை வச்சு சோலி பாக்காங்களோ, அதெல்லாம் கொண்டாந்து வைக்கணும்" என்று அம்மா சொல்லியிருந்தாள். அப்பாவின் பேனா, அம்மாவின் அரிவாள்மனை, என் பாடப் புத்தகங்கள், சித்தப்பாவின் ஸ்பானர்கள் என்று எல்லாம் சாமி படத்தின் முன் வரிசையாக இருந்தன. எனக்கு ஏதோ குறைவதாகப்பட்டது. ஓடிப் போய்க் காலைத் தூக்கி வந்தேன். நல்ல கனம். புத்தகங்களுக்குப் பக்கத்தில் சாத்தி, மூன்று இடத்தில் சந்தனம் வைத்து, குங்குமமிட்டு, கணுக்காலில் ஒரு செம்பருத்தியும் செருகினேன்.

குளியலறையிலிருந்து சித்தப்பாவின் குரல் வந்தது. "மதினி, என் காலைப் பாத்தீங்களா?"

"அங்கனதான தம்பி இருக்கும்? நல்லாப் பாருங்க" என்றாள் அம்மா அடுப்படியிலிருந்து.

மணியை ஆட்டிக்கொண்டிருந்த அப்பாவின் கை சட்டென்று நின்றது. அம்மா ஓடி வந்து பார்த்துவிட்டு, "ஏட்டி, என்ன காரியம் பண்ணி வச்சிருக்க!" என்று கத்தினாள்.

"நீதானம்மா சொன்ன? சித்தப்பா அதை வச்சுத்தான நடக்காங்க?"

அப்பா கையை ஓங்கிவிட்டார். அதற்குள் சித்தப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு, ஈர வேட்டியோடு ஒற்றைக் காலில் தத்தித் தத்தி வந்து நின்றார். சந்தனம் பூசிய தன் காலைப் பார்த்தார்.

அப்போதுதான் வாசலில் சத்தம் கேட்டது. "ஃபௌஜி பாய்! ஜல்தி சலோ! இஞ்சன் பந்த்!" பட்டாளத்து அண்ணே, சீக்கிரம் வா, இஞ்சின் நின்றுவிட்டது என்று இந்தியில் கத்தல்.

வந்தவர் படகு டிரைவர், பர்மாவிலிருந்து வந்து குடியேறிய கரேன் இனத்துக் குடும்பத்துக்காரர். சித்தப்பா ரிப்பேர் செய்து கொடுத்த ரேடியோ ஒன்று அவர் வீட்டிலும் இருந்தது. துர்கா பூஜை பார்க்கப் புதுத்துணி உடுத்தி வந்த வங்காளிக் குடும்பங்களோடு தீவுகளுக்கு இடையிலான கடல் வாய்க்காலின் நடுவில் அவர் படகு நின்றுவிட்டது. நீரோட்டம் அதைப் பாறைப் பக்கம் இழுக்கிறது. பட்டறை மெக்கானிக் தொலைவில், திக்லிபூரில் இருக்கிறான். ஆளைத் தேடி இவரே சிறு ஓடத்தில் துடுப்புப் போட்டு வந்திருக்கிறார்.

அம்மா காலை எடுக்கக் குனிந்தாள். நான் அலறினேன். "எடுக்காதம்மா! நாளைக்குத்தான் எடுக்கணும், சரஸ்வதி கோவிச்சுக்கும்!"

சித்தப்பா என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "இருக்கட்டும் மதினி. சாமிகிட்ட வச்சதை எடுக்க வேண்டாம். ஸ்பானரை மட்டும் குடுங்க."

ஸ்பானரும் சாமியிடம் வைத்ததுதான். அது எனக்கு அப்போது தோன்றவேயில்லை. சித்தப்பாவும் சரஸ்வதிக்குப் பயப்படுகிறார் என்று சந்தோஷப்பட்டேன்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அறை மூலையில் கிடந்த கக்கத்துக் கட்டையை ஊன்றி அவர் போனார். பின்னாலேயே அப்பாவும் நானும் ஓடினோம். ஜெட்டியில் கூட்டம். பாசி பிடித்த படிகளில் சித்தப்பா கட்டையைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு படியாக உட்கார்ந்தே இறங்கினார். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஓடத்துக்குள் கைகளை ஊன்றித் தாவியபோது ஓடம் கொஞ்சம்கூட ஆடவில்லை.

மிச்சத்தை டிரைவர் சொல்லித்தான் கேட்டோம். படகில் ஏறியவர் நேரே இஞ்சின் குழிக்குள் குப்புறப் படுத்தாராம். டீசல் குழாயில் காற்று அடைத்திருந்தது. குழாயைக் கழற்றி, வாயை வைத்து உறிஞ்சித் துப்பி, மறுபடி பூட்டினாராம். நான்காவது முயற்சியில் இஞ்சின் பிடித்தபோது பாறைக்கும் படகுக்கும் இடையே மூங்கில் கழி நீளம்தான் இருந்ததாம்.

நான் கண்ணால் பார்த்தது, படகு புகை விட்டுக்கொண்டு தன் இஞ்சினிலேயே ஓடி ஜெட்டிக்குத் திரும்பியதைத்தான். சுக்கானைச் சித்தப்பா பிடித்திருந்தார். வங்காளிப் பெண்கள் குலவையிட்டார்கள். எங்கள் வீட்டுக்கு ஒரு வாளி நிறையத் துர்கா பூஜைக் கிச்சடி வந்து சேர்ந்தது.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அப்பா மனு மேல் மனு எழுதினார். டிரைவர் அதே அதிகாரியிடம் போய், "முஜே யஹி ஆத்மி சாஹியே", எனக்கு இந்த ஆள்தான் வேண்டும், என்று நின்றார். வேலை கிடைத்தது. தலை நரைக்கும்வரை சித்தப்பா படகுகளில்தான் இருந்தார். அந்த மரக்காலை ஆபீசுக்கும் கல்யாணங்களுக்கும் மட்டும் மாட்டிக்கொள்வார்.

அந்தப் பூஜையன்று மத்தியானம் அவர் உடம்பெல்லாம் டீசலும் உப்புமாக வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். அறைக்குள் போகவில்லை. கதவைச் சாத்தவில்லை.

"ஏட்டி, அந்தத் துண்டை எடுத்தா. இதைக் கொஞ்சம் துடைச்சு விடு."

அடி விழும் என்று ஒளிந்திருந்த நான் வந்து துடைத்தேன். முழங்காலுக்குக் கீழே அது உருண்டையாக, மழமழவென்று இருந்தது. தோல் பட்டை உரசிய இடங்கள் சிவந்திருந்தன.

"கிச்சுக்கிச்சு மூட்டினா இங்க தெரியுமா சித்தப்பா?"

"மூட்டித்தான் பாரேன்."

மூட்டினேன். அவர் நெளிந்து, "போதும்டி, போதும்டி" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தார். அப்பாவும் சிரிக்கிறாரா என்று திரும்பிப் பார்த்தேன். சுண்டல் கிண்ணங்களோடு வந்துகொண்டிருந்த அப்பா அங்கேயே நின்றிருந்தார். கிண்ணங்களைத் தரையில் வைத்துவிட்டு, மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கொல்லைப் பக்கம் போனார். கூப்பிடப் போன என்னை, "விடுட்டி, அவங்க வரட்டும்" என்று அம்மா தடுத்தாள்.

நான் காலை எடுத்து வைத்த கோபம் அவருக்கு இன்னும் தீரவில்லை என்று நினைத்தேன். அவர் திரும்பி வருவதற்குள் என் பங்குச் சுண்டலை அவசர அவசரமாகத் தின்று முடித்தேன்.