வாலாம்பாளின் இடது கை

சுவரில் விரல்கள் ஏறிக்கொண்டிருக்கின்றன. ஆள்காட்டி விரல், அதற்குமேல் நடுவிரல், மறுபடி ஆள்காட்டி விரல். வலது கை சிலந்தியைப் போல மெல்ல மேலே போய், தோள் மட்டத்துக்குச் சற்று மேலே நின்றுவிடுகிறது. வாலாம்பாள் மாமி பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் ஒரு விரல்கடை ஏற்றப் பார்க்கிறாள். ஏறவில்லை. சுவரில் ஒரு குங்குமக் கீற்று இருக்கிறது. போன மாதம் கை எட்டிய உயரம் அது. இன்று அதுவரைகூட வரவில்லை.

"சனியன், இன்னிக்கும் அடம் பிடிக்கறது" என்கிறாள் கையைப் பார்த்து, பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்ட குழந்தையைச் சொல்வது போல.

மாதுங்காவில், வரிசையாக ஒற்றை அறைகள் கொண்ட எங்கள் சாலில், இரண்டாவது மாடியில், மாமியின் அறைக்கு அடுத்தது எங்கள் அறை. குழாயில் தண்ணீர் வருவதற்குள் இந்தச் சுவர் ஏற்றம் முடிந்துவிட வேண்டும். பிறகு நான் போய், பழைய வேஷ்டியைக் கிழித்த நாடாவால் அவள் மணிக்கட்டிலிருந்து தோள்வரை இறுக்கிச் சுற்றிக் கட்டுவேன். கட்டாமல் விட்டால் மத்தியானத்துக்குள் கை வீங்கி, வளையல் சதைக்குள் பதிந்துவிடும். கட்டின பிறகு புடவைத் தலைப்பை அதன்மேல் போர்த்திக்கொள்வாள். ரவிக்கைக்குள் வலது பக்கம் மடித்த துணி ஒன்று இருக்கும். வெளியே பார்ப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

மாமியின் தொழில் முறுக்கு சுற்றுவது. அச்சில் பிழிகிற முறுக்கு அல்ல, கைமுறுக்கு. கட்டைவிரலுக்கும் இரண்டு விரல்களுக்கும் நடுவே மாவைத் திரித்துக்கொண்டே இழையாக இறக்கி, நடுவிலிருந்து வட்டம் வட்டமாக வெளியே கொண்டுபோக வேண்டும். முழங்கை எதிலும் படக்கூடாது. கை அந்தரத்திலேயே நின்று சுழல வேண்டும். டிபனுக்கு மூன்று சுற்று போதும். கல்யாணச் சீர்த்தட்டுக்கு ஒன்பது, பதினொன்று என்று போகும். கடைசிச் சுற்றில் இழை பருத்தாலோ அறுந்தாலோ பெண் வீட்டாருக்கு அவமானம். கிங்ஸ் சர்க்கிளிலிருந்து வடாலா வரை நம்மவர் வீடுகளில் கல்யாணம் நிச்சயமானதும், புரோகிதருக்கு அடுத்தபடியாக ஆள் அனுப்புவது மாமிக்குத்தான்.

சீருக்குச் சுமங்கலி கைதான் ஆகும். மாமியின் புருஷர் வேங்கடசுப்ரமணியன் நாசிக்குக்குப் போய்வருகிறேன் என்று கிளம்பியவர், யுத்தம் ஆரம்பித்து முடிந்தும் திரும்பவில்லை. மாமி குங்குமத்தை விடவில்லை. "இருக்கார்னு நான் சத்தியம் பண்ண வேண்டாம், இல்லைன்னு வேற யாரும் சொல்ல முடியாது. எனக்கு ரெண்டும் சௌகரியம்" என்பாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், குளிக்கும்போது மார்பில் பட்டாணி போல ஒன்று கையில் தட்டுப்பட்டதாம். யாரிடமும் சொல்லவில்லை. "கல்யாண நாளாச்சே. பட்டாணிக்குப் பயந்துண்டு முறுக்குத் துணியைச் சுருட்டி வெக்க முடியுமோ?" பட்டாணி நெல்லிக்காயான பிறகுதான் என்னைக் கூட்டிக்கொண்டு பரேல் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். இங்கிலீஷ் பேச ஆள் வேண்டும் என்று. டாக்டர் புற்றுநோய் என்றார். மார்பையும் அடியிலுள்ள சதையையும் அக்குளில் இருந்த முடிச்சுகளையும் சேர்த்து எடுக்க வேண்டும் என்றார். ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். சில வார்த்தைகளுக்குத் தமிழில் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்த சிலவற்றைச் சொல்ல வாய் வரவில்லை. மாமி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்புறம் முறுக்கு சுத்தலாமோன்னு கேளு" என்றாள்.

டாக்டர் மராட்டிக்காரர். முறுக்கு என்றால் என்ன என்று யோசித்து, "சக்லியா?" என்று கேட்டு, அச்சைத் திருகுவது போல இரண்டு கைகளாலும் காட்டினார். நான் மறுப்பதற்குள், தாராளமாகச் செய்யலாம் என்று எழுந்துவிட்டார். மாமி அதை அனுமதி என்றே எடுத்துக்கொண்டாள்.

ஆபரேஷன் முடிந்து திரும்பி வந்தபோது வலது கை தோளுக்குமேல் எழவில்லை. அந்தரத்தில் பிடித்தால் நடுங்கியது. சாலில் விஷயம் அரைகுறையாகத் தெரிந்துவிட்டது. குழாயடியில் மாமியின் வாளிக்குப் பக்கத்தில் யாரும் வாளி வைப்பதில்லை. "எனக்கென்ன குறை? முன்னாடி போங்கோன்னு எல்லாரும் வழி விடறா" என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டு தண்ணீர் பிடிப்பாள்.

அப்போதுதான் இடது கையைப் பழக்கினாள். கதவைச் சாத்திக்கொண்டு, கோதுமை மாவை வைத்துக்கொண்டு. சில மாதங்களில் இழை மெலிந்தது, சுற்று படிந்தது. மெஸ் வைத்திருக்கும் நாணுவுக்கு டின் கணக்கில் சுற்றிக் கொடுக்க ஆரம்பித்தாள். முதல் டின்னைத் திறந்ததும் நாணு ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"என்ன மாமி, கண்ணாடியில பாக்கறாப்பல இருக்கு? எல்லாம் எதிர்ப்பக்கமாச் சுத்தறதே."

"உம்ம மெஸ்ஸுல சாப்பிடறவா முறுக்கைப் பிரதக்ஷிணம் பண்ணறாளோ, கடிக்கறாளோ?"

"கடிக்கறாதான். நமக்கென்ன, டின் காலியானாச் சரி" என்று மூடிவிட்டார்.

அவர் கண்டது உண்மை. வலது கை சுற்றினால் முறுக்கு கோயிலை வலம்வருவது போலப் போகும். இடது கைக்கு அந்த வழி வராது, இடமாகத்தான் சுழலும். மாமி அதையும் மாற்றிப் பார்த்தாள். நாலாவது சுற்றில் இழை அறுந்துவிடும். மெஸ்ஸில் இதை யாரும் கேட்கப்போவதில்லை. கல்யாண வீட்டில் கேட்பார்கள். இடமாகச் சுற்றுவது நம் வீடுகளில் சாவுக் காரியத்துக்குத்தான்.

போன தை மாதம் அனந்தநாராயணன் வீட்டிலிருந்து ஆள் வந்தது. அவருடைய பெண் ருக்குவுக்குக் கல்யாணம். சம்பந்தி வீடு செம்பூரில். மாமி ஒப்புக்கொண்டுவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"முதல்ல ரெண்டு வலது கையால சுத்திடுவேன். அவா பாத்துட்டு நகர்ந்துடுவா. மிச்சம் இது" என்று இடது கையைக் காட்டினாள். "தனித்தனித் துணியில சுத்தறேன். நீ உள்ளங்கையில கவுத்து எண்ணெயில விடு. தட்டுல வெக்கறச்சே அடிப்பக்கம் மேல வரட்டும். அப்போ வலமாத் தெரியும். மனசிலாச்சோ?"

"யாராவது பார்த்துட்டா?"

"பாத்தா அதோட சரி. அப்புறம் எந்த ஆத்துலயும் எனக்குத் துணி விரிக்க மாட்டா. நாணுவோட டின்தான் கதி."

நான் பி.ஏ. படித்தவள். எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவள். ரேஷன் ஆபீஸில் உத்தியோகம். முறுக்கு எந்தப் பக்கம் சுற்றினால் என்ன என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல், கவிழ்த்துப் போடும்போது சுற்று உடையாமல் இருக்குமா என்றுதான் கேட்டேன். நான் நம்பாத ஒன்றை இத்தனை கவனமாக மறைக்கப் போகிறேனே, இது அவளுக்கு உதவியா, நம்புகிறவர்களுக்கு உதவியா என்று இன்னமும் எனக்குத் தெளிவாகவில்லை.

அன்று காலை ருக்குவின் வீட்டுக் கூடத்தில் துணி விரித்து, மாவில் பிள்ளையார் பிடித்துவைத்து, மாமி ஆரம்பித்தாள். ரேஷன் அரிசியில் வாரக்கணக்கில் மிச்சம் பிடித்து இடித்த மாவு. கெட்டால் மறு மாவு கிடையாது. ருக்குவின் அம்மா அடுப்பருகே இருந்தாள். முதல் இரண்டு முறுக்கும் வலது கையால் அழகாக வந்தன. ருக்குவின் அம்மா நிம்மதியாகப் பெருமூச்சு விட்டபோது, சாயங்காலம் வருவதாக இருந்த சம்பந்தி மாமி விசிறியுடன் உள்ளே நுழைந்தாள்.

"சும்மா ஒரு நடை பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். நீங்க பாட்டுக்குப் பண்ணுங்கோ" என்று எதிரிலேயே மணையைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

சம்பந்தியின் எதிரில் மூன்றாவதையும் வலது கையாலேயே தொடங்க வேண்டியதாயிற்று. இழை ஓரிடத்தில் பருத்தது. மாமி அதை அழித்து, மாவோடு சேர்த்துப் பிசைந்தாள். கழுத்தில் வியர்வை இறங்கியது. "ஷ்யாமளா, செத்த இப்படி முன்னாடி வா" என்றாள். நான் நகர்ந்து அவளுக்கும் சம்பந்தி மாமிக்கும் நடுவில் உட்கார்ந்தேன். என் முதுகுக்குப் பின்னால் இடது கை வேலை செய்தது. சுற்றி முடிந்த ஒவ்வொன்றையும் நான் எடுத்துப்போய்க் கவிழ்த்து எண்ணெயில் விட்டேன். தட்டில் வலமாகவே அடுக்கினேன். அடுப்புக்குப் போய்த் திரும்பும் அந்தச் சில அடிகளை எட்டிப் போட்டுக் கடந்தேன்.

ஒரு தடவை திரும்பி வந்தபோது, சம்பந்தி மாமி எழுந்து துணிக்கு நேர்மேலே நின்றுகொண்டிருந்தாள்.

"இது என்ன, அப்பிரதக்ஷிணமாப் போறது?"

ருக்குவின் அம்மாவின் ஜல்லிக்கரண்டி எண்ணெயிலேயே நின்றது. மாமி தலை நிமிராமல் அந்தத் துணித்துண்டை எடுத்து உள்ளங்கையில் கவிழ்த்துக் காட்டினாள். "இப்போ பாருங்கோ. சரியாத்தானே இருக்கு?"

"கவுத்துட்டாச் சரியாயிடுமோ? பொண்ணையும் இப்படித்தான் கவுத்துக் குடுக்கப் போறேளா?" சம்பந்தி மாமியின் குரல் உயரவில்லை. "எந்தக் கையால சுத்தினது?"

"நான்தான் மாமி, எனக்கு இடது கைப் பழக்கம்..." என்று ஆரம்பித்தேன்.

"நீ சும்மா இரு. உனக்கு ஒரு சுத்து வருமோ?" என்றாள் வாலாம்பாள். பிறகு நிமிர்ந்தாள். "இடது கை. வலது பக்கம் மார்ல கட்டி வந்து அறுத்து எடுத்துட்டா. ஒரு வருஷம் ஆச்சு. அந்தக் கைக்குத் தம் இல்லை."

"எங்கிட்டே ஒரு வார்த்தை சொல்லலையே வாலாம்பா" என்றாள் ருக்குவின் அம்மா.

"சொன்னாக் கூப்பிட்டிருப்பேளோ?"

சம்பந்தி மாமியின் பார்வை மாமியின் தலைப்புக்குப் போயிற்று, கட்டுப்போட்ட கைக்குப் போயிற்று, பிறகு என்னிடம் வந்தது. "நீ படிச்ச பொண்ணுதானே? இது தொத்துமோ?"

"தொத்தாது." ரேஷன் ஆபீஸ் ஜன்னலில் 'இன்று சர்க்கரை இல்லை' என்று சொல்கிற அதே குரலில் சொன்னேன்.

சம்பந்தி மாமி விசிறுவதை நிறுத்தினாள். "வியாதி பகவான் குடுக்கறது. அதுக்கு நான் ஒண்ணும் சொல்லலை. ஆனா மணையில வெக்கற சீர் இடது கையால ஆகாது. என் கண் முன்னாடி வலது கையால ஒண்ணு சுத்தட்டும், பதினோரு சுத்து. முடிஞ்சா இவளே பண்ணிக் குடுக்கட்டும். முடியலேன்னா செம்பூர்லேர்ந்து நான் ஆள் அனுப்பறேன்."

மாமி கையை நனைத்துக்கொண்டாள். வலது விரல்கள் மாவைக் கிள்ளின. முதல் சில சுற்றுகள் சிறியவை. கை அதிகம் நகர வேண்டியதில்லை. வட்டம் பெரிதாகப் பெரிதாகக் கை தூரம் போக வேண்டியிருந்தது. பாதியைத் தாண்டியதும் முழங்கை மெதுவாகக் கீழே இறங்கியது. இழை நடுங்கியது. துணியில் முழங்கை படுவதற்கு ஒரு விரல்கடைதான் இருந்தது. ருக்குவின் அம்மா கண்ணை மூடிக்கொண்டுவிட்டாள்.

மாமி இழையை விடாமலே, இடது கையை வலது முழங்கைக்கு அடியில் கொடுத்தாள். நிறைந்த குடத்தைத் தாங்குவது போலத் தாங்கித் தூக்கினாள். இடது கை வலது கையைச் சுமந்துகொண்டு வட்டம் வந்தது, வலது விரல்கள் திரித்துக்கொண்டே போயின. கடைசிச் சுற்றில் அவள் உதட்டில் பல் பதிந்திருந்தது. நுனியைக் கிள்ளி ஒட்டினாள்.

சம்பந்தி மாமி குனிந்து, தொடாமல், விரலால் காற்றில் ஒவ்வொரு சுற்றாக எண்ணினாள். எண்ணி முடித்து நிமிர்ந்தாள்.

"தட்டுல இது மேல இருக்கட்டும்" என்றாள் ருக்குவின் அம்மாவிடம். பிறகு வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "மத்ததெல்லாம் கவுத்தே அடுக்குங்கோ" என்றாள். மணையில் உட்கார்ந்து விசிறிக்கொள்ள ஆரம்பித்தாள்.

வாலாம்பாள் மாமி வலது கையை எடுத்து, தூங்குகிற குழந்தையைக் கிடத்துவது போல மடியில் வைத்தாள். புதிய துணித்துண்டு ஒன்றை எதிரே விரித்தாள். நான் பழக்கத்தில் மறுபடி நடுவில் வந்து உட்காரப் போனேன்.

"நகர்ந்துக்கோடி, வெளிச்சத்தை மறைக்கறே" என்று சொல்லிவிட்டு, சம்பந்தி மாமிக்கு நேர் எதிரே, இடது கையால் மாவைக் கிள்ளினாள்.