பாடிப் போகையில் விலகிய கோடு

முன்னறையிலிருந்து 'பீப்' என்று ஒரு சத்தம் வந்தது. சற்று விட்டு இன்னொன்று.

உள்ளறையில் முட்டிக்குப் பட்டை மாட்டிக்கொண்டிருந்த மணிமொழி எட்டிப் பார்த்தாள். அவள் முட்டியைச் சோதிக்க அரியலூரிலிருந்து வந்திருந்த பிசியோதெரபிஸ்ட் இலக்கியாவின் கருவிகளை, தீப்பெட்டி அளவுதான் இருக்கும், அம்மா ஆண்டாயி தன் இரண்டு கெண்டைக்காலிலும் கட்டிக்கொண்டு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தாள். எந்தக் கால் தரையில் எவ்வளவு அழுந்துகிறது என்பதை அவை செல்போனுக்கு அனுப்புமாம். வலது காலுக்கு நீலக் கோடு, இடதுக்குச் சிவப்பு. ஆண்டாயிக்குச் சிவப்புதான் தூக்கலாக இருந்தது.

"சரியாத்தான் சொல்லுது. இவள அந்தப் பக்கத்து இடுப்புலதானே தூக்கிச் சுமந்தேன்" என்றாள் ஆண்டாயி.

முந்திரிக்கொட்டை உடைத்துக் கறை ஏறிய கைகள் அவளுடையவை. அந்தக் கைகள் வளர்த்த பெண், மீன்சுருட்டியைச் சுற்றி எந்த ஊரில் கபடி நடந்தாலும் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்கு வளர்ந்தாள். பெரம்பலூரில் கல்லூரி இடமும் அந்த ஆட்டத்தால் கிடைத்ததுதான். போன பொங்கல் போட்டியில் நாலு பேர் சேர்ந்து காலை மடக்கியபோது இடது முட்டியின் ஜவ்வு அறுந்தது. பெற்றவள் மைதானத்து மண்ணில் விழுந்து அழுதாள்; மகளுக்கு அழக்கூடத் தெம்பில்லை. ஆபரேஷன் முடிந்து, கால் ஆறிவிட்டதென்று டாக்டரும் சொல்லிவிட்டார். ஆனால் கல்லூரிக் கோச் ராஜவேல், மண்ணில் ஓடவைத்துச் சோதித்த முடிவு கைக்கு வந்தால்தான் ஞாயிற்றுக்கிழமை அணித் தேர்வில் நிறுத்துவேன் என்றார். கல்லூரியில் அவளுக்கு இது கடைசி வருடம். இதை விட்டால் கல்லூரி அணியின் பனியன் இனி இல்லை.

பள்ளிக்கூட மைதானத்தில் இலக்கியா கோடு கிழித்தாள். மணிமொழி தொட்டுக் கும்பிட்டுப் போனாள், திரும்பினாள், குதித்தாள், ஒற்றைக்காலில் நின்றாள். செல்போனில் நீலமும் சிவப்பும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து ஓடின. இலக்கியா முகம் மலர்ந்து, கருவியின் பட்டையைக் கழற்றக் குனிந்தாள்.

மணிமொழிக்கு அந்தக் கோடுகளை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. எதிரில் ஆளில்லாத மைதானத்தில் வாய்விட்டுப் பாட வெட்கப்பட்டு, அவள் வாயை மூடிக்கொண்டேதான் அத்தனையும் செய்திருந்தாள். இப்போது அது உறுத்தியது.

"அக்கா, பாடிக்கிட்டுப் போனா எப்படி வருங்க?"

இலக்கியா நிமிர்ந்தாள். அவள் இதுவரை சோதித்ததெல்லாம் ஓட்டக்காரர்களையும் வாலிபால்காரர்களையும்தான். அவளுக்கும் ஆசை வந்துவிட்டது. "தெரியலையே. போய்ப் பாரேன்."

கபடி கபடி என்று மூச்சு விடாமல் பாடிக்கொண்டு போனாள் மணிமொழி. பாதி மைதானம் வரை கோடுகள் சேர்ந்தே போயின. பாட்டு தேய்ந்து, கோட்டைத் தொட அவள் பாய்ந்து திரும்பிய இடத்தில் சிவப்பு பொத்தென்று கீழே விழுந்தது. மறுபடி போனாள். அதே இடம். இன்னொரு தரம் போனாள். அப்போதும் அங்கேதான்.

வீடு வந்து கட்டிலில் உட்கார்ந்தும் அவள் அந்தப் பள்ளத்தையே விரலால் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். படுத்துக் கிடந்த மாதங்களில் மூச்சு குறுகிவிட்டது, மூச்சு தீரப்போகிறது என்றதும் உடம்பு பதறி எல்லாப் பாரத்தையும் வலது காலில் போடுகிறது, அப்போது யாராவது பிடித்தால் முட்டி தாங்காது என்று இலக்கியா விளக்கினாள். பழக்கினால் சரியாகும், ஞாயிற்றுக்கிழமைக்குள் ஆகாது. பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"சார் பாடச் சொல்லி ஒண்ணும் கேக்கல. மொதல்ல ஓடினது மட்டும் போதும்னா..."

ஆண்டாயி மகளின் முகத்தைப் பார்த்தாள். மணிமொழியின் கண்ணிலிருந்து ஒரு சொட்டு செல்போன் கண்ணாடியில் விழுந்து சிவப்புக் கோட்டின் மேலேயே பரவியது. சட்டை நுனியால் அவளே துடைத்தாள்.

"பாடினத அனுப்புங்கக்கா. கேட்டவ நாந்தானே."

இலக்கியா அதையே ராஜவேலுக்கு அனுப்பினாள். ஆண்டாயி ஒரு கை முந்திரிப்பருப்பைக் காகிதத்தில் மடித்து இலக்கியாவின் பையில் திணித்தாள்.

"அடுத்த மாசம் வரேம்மா. அவள தெனம் பாட வையுங்க" என்று இலக்கியா வண்டியில் ஏறினாள்.

மழையில் உப்பிய கதவு நிலையில் சிக்கியது. ஆண்டாயி இடது இடுப்பால் ஓர் இடி இடித்துச் சாத்தினாள்.