அத்திபெலேயிலிருந்து அல்சூருக்கு, ஒரு விஜயநகர அவையைப் பார்க்க

சென்ற ஞாயிற்றுக்கிழமை, பள்ளித் தேர்வு முடிந்த மறுநாள், நான் முதல் முறையாகத் தனியாக பெங்களூரில் உள்ள அல்சூருக்குப் போய் வந்தேன். ஏரிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய அரங்கில், விஜயநகர அவையின் எட்டுப் புலவர்களைப் பற்றி, பக்கத்து மர்பி டவுன் பிள்ளைகள் நாடகம் போடுவதாக வாட்ஸ்அப்பில் பார்த்தேன். எழுதி இயக்குபவர் கௌதமி என்று இருந்தது. அதன் முதல் பாதியை ஆறாம் வகுப்பில் நானும் அவளும் சேர்ந்து உருவாக்கினோம். இப்போது இரண்டு வருடங்களாக அவள் என்னோடு பேசுவதில்லை. பேசவைக்க முடியுமா என்று பார்க்கத்தான் இந்தப் பயணம்.

மர்பி டவுனில் எங்கள் இரண்டு வீடுகளுக்கும் ஒரே மாடிப்படி. அந்த அவையில் எட்டுப் புலவர்கள் இருந்தார்கள் என்று வரலாற்றுப் புத்தகத்தில் ஒரே ஒரு வரிதான் இருந்தது, பெயர்கள்கூட இல்லை. அது எங்களுக்கு வசதியாகப் போயிற்று. படிக்கு ஒரு புலவர் என்று வைத்து, இருவரே எட்டுப் பேராக ஏறி இறங்கிக் கவிதை சொல்வோம். மேல்படியில் நின்ற தண்ணீர் டிரம்தான் அரசர். கவிதை நன்றாக இருந்தால் டிரம்மை இரண்டு தட்டு தட்டுவோம். அது அரசரின் பாராட்டு.

அப்பாவுக்கு மாநில எல்லையில், அத்திபெலே சுங்கச்சாவடியில் வேலை கிடைத்ததை நான் அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் அன்றே விளையாட்டு நின்றுவிடும் என்று பயந்தேன். சாமான் ஏற்ற டெம்போ வாசலில் வந்து நின்ற பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. கதவைச் சாத்திக்கொண்டாள். அதன் பிறகு என் செய்திகளுக்கு நீல டிக் மட்டும்தான் வரும்.

அத்திபெலேயில் காலை 7.40க்கு மெஜஸ்டிக் பஸ் ஏறினேன். சாதாரண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம், ஆதார் அட்டை மட்டும் கையில் இருக்க வேண்டும். காலையில் வலது பக்கம் வெயில் அடிக்கும், இடது பக்கம் உட்காருங்கள். சுமார் 35 கிலோமீட்டர், 9.20க்கு மெஜஸ்டிக் பஸ் நிலையத்தில் இறங்கினேன். அங்கிருந்து மெட்ரோவில் ஆறாவது நிலையம் அல்சூர். நாற்பது ரூபாய் வைத்துக்கொண்டால் போதும்.

நிலைய வாசலில் ஆட்டோக்காரரிடம், "ஏரிப் பக்கம் போகணும்ணா, மர்பி டவுன் வழியா" என்றேன்.

"சுத்து வழிம்மா. எண்பது குடு."

"மீட்டர் போடுங்கண்ணா."

"மீட்டர் போட்டா, நீ பாக்குற எடத்துல எல்லாம் நின்னு நின்னு நூறாயிடும். பரவால்லயா?"

எண்பதுக்கு ஒப்புக்கொண்டேன். அவர் சொன்னது சரிதான், எங்கள் பழைய வீட்டின் முன்னால் நிறுத்தச் சொன்னேன். படிகளுக்குப் பச்சை பெயிண்ட் அடித்திருந்தார்கள். ஒவ்வொரு படியிலும் யாருடையவோ செருப்புகள். மேலே டிரம் இல்லை.

"நாங்க இருந்த வீடு" என்றேன்.

"அப்ப எறங்கிப் பாரும்மா. மூஞ்ச மட்டும் நீட்டுனா எப்படி?"

இறங்கவில்லை.

அரங்கத்தில் அனுமதி இலவசம். வராந்தாவில் பிள்ளைகள் வரைந்த புலவர்களின் படங்களை மாட்டியிருந்தார்கள். ஒருவர் கூலிங் கிளாஸ் போட்டிருந்தார், இன்னொருவர் ஓலைச்சுவடியோடு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். நாடகம் சரியாக 11 மணிக்கு ஆரம்பித்தது.

மேடையில் சிவப்புத் துணி போர்த்திய எட்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். முதல் பாதியில் எங்கள் வரிகள் அப்படியே இருந்தன. அரசர் மேடைக்கு வரவே இல்லை, திரைக்குப் பின்னால் யாரோ டிரம்மைத் தட்டினார்கள்.

பிறகு அமைச்சராக நடித்த பெண், "எட்டாம் புலவர் எங்கே?" என்று கேட்டாள்.

முதல் புலவராக நின்ற கௌதமி சொன்னாள்: "அவங்க அப்பாவுக்கு எல்லைச் சுங்கச்சாவடியில வேலை கெடச்சிருச்சு. மூட்டைய வண்டியில ஏத்துற வரைக்கும் வாயத் தொறக்கல. இதுல புலவராம்."

அரங்கம் சிரித்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது. எழுந்து போய்விடலாம் என்று பையை எடுத்தேன்.

அதற்குள் அமைச்சர் எட்டாம் நாற்காலிக்கு ஒரு புதுப் புலவரை அழைத்து வந்தாள். கௌதமி தோளில் கிடந்த துண்டை எடுத்து அந்தக் காலி நாற்காலியில் வீசினாள், மெஜஸ்டிக்கில் பஸ் ஜன்னல் வழியாக இடம் பிடிக்கிற மாதிரி.

"ஆள் வருது" என்றாள்.

அடுத்து வந்த புலவர் அந்த இடம் காலியா என்று கன்னடத்தில் கேட்டார். அவருக்குக் கன்னடத்திலேயே அதைச் சொன்னாள். அமைச்சருக்குப் பொறுமை போய்விட்டது.

"ரெண்டு வருஷமாவா வருது?"

"டிராஃபிக்" என்றாள் கௌதமி.

எல்லோரும் கைதட்டினார்கள். துண்டு கிடந்த நாற்காலியோடு நாடகம் முடிந்தது. நான் பையைக் கீழே வைத்தேன்.

முடிந்ததும் அவள் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நானும் போய் அடுக்கினேன்.

"உங்கிட்ட சொல்லியிருக்கணும். தப்பு என்னுதுதான்" என்றேன்.

"கடைசி வரிசையில வந்து ஒளிஞ்சா தெரியாதுன்னு நெனச்சியாடி? உன்னப் பாத்ததுல எனக்கு ரெண்டு வரி மறந்துபோச்சு." துண்டை மடித்தபடியே, "இது ஒண்ணும் உனக்காக எழுதல" என்றாள்.

"சரி."

"மூணு வாரம் கழிச்சு மறுபடி போடறோம். அதுல எட்டாம் புலவர் திரும்பி வரணும். எனக்கு அந்த எடம் எழுத வரல. ஞாயித்துக்கெழம பத்து மணிக்கு ஒத்திகை. லேட்டா வந்தா சேக்க மாட்டேன்."

ஒரு வரியில் மட்டும் இருந்த அந்த எட்டுப் பேரும் உண்மையில் எப்படிச் சண்டை போட்டுக்கொண்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் எங்களுக்கு அவர்கள் இவ்வளவு பயன்படுகிறார்கள் என்று திரும்பும் வழியில் தோன்றியது.

நாடகம் பார்க்க மட்டும் வருபவர்கள் பத்தரைக்கு வந்தால் நல்ல இடம் கிடைக்கும். அரங்கத்துக்கு எதிரே எலுமிச்சை சாதம் நாற்பது ரூபாய், காரம் அதிகம். பத்து மணி ஒத்திகைக்கு வருபவர்களுக்கு 7.40 பஸ் சரிப்படாது, வழியில் சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலை நம்ப முடியாது. 7.10 பஸ்ஸைப் பிடியுங்கள். நானும் இனி அதில்தான் வருவேன்.