டிராயிங்கில் இல்லாத புள்ளி

அம்மா இல்லாமல் ஓராண்டு ஓடிவிட்டது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும், அம்மாவோடு வேலை பார்த்த அக்காக்களுக்கும் என் வணக்கம். எழுந்து நின்று பேச எனக்கு வராது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான் என்பதால், எழுதும் பொறுப்பை என்னிடம் கொடுத்துவிட்டார்கள்.

திருவள்ளூருக்கு மேற்கே ஒரு சிற்றூரில், நடவுக்கும் களையெடுப்புக்கும் கூலிக்குப் போன குடும்பத்தில் அம்மா பிறந்தார். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. கல்யாணமாகி நெமிலிச்சேரிக்கு வந்தபின் சித்தாள் வேலை பார்த்தார். துணிக் கம்பெனியில் பிசிறு வெட்டினார். பிறகு அம்பத்தூர் எஸ்டேட்டில், மோட்டார்களை இயக்கும் கண்ட்ரோல் பேனல் செய்கிற ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டில் சேர்ந்தார். ஆளுயர இரும்புப் பெட்டி. அதற்குள் கொத்துக் கொத்தாக வயர். வேலை முடிந்த பெட்டி ஒன்றைப் பக்கத்தில் வைத்துவிட்டால் போதும், அதைப் பார்த்தே இன்னொன்றை அச்சு அசலாகப் பூட்டிவிடுவார்.

இனி மாதிரிப் பெட்டி கிடையாது என்று ஒருநாள் சொல்லிவிட்டார்கள். வயர் போகும் வழியைக் கோடுகளாகக் காட்டும் டிராயிங்கைப் பார்த்து வேலை செய்யத் தெரிந்தவர்களுக்கு மட்டும்தான் வேலை. மாத முடிவில் டெஸ்ட். லாரியில் லோடு ஏற்றிக்கொண்டிருந்த அப்பா அப்போது முதுகு பிடித்துப் படுத்திருந்தார். நான் பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு. அம்மாவின் வேலை போனால் அடுப்பும் என் படிப்பும் சேர்ந்தே நிற்கும்.

சீனியர் ஒருவரிடமிருந்து பேனல் டிராயிங் புத்தகம் ஒன்றை ஜெராக்ஸ் எடுத்து வந்தேன். அவர் வைத்திருந்ததே ஜெராக்ஸ்தான். நான் வாசிக்க, அம்மா செய்தார். டீவி வந்த அட்டைப்பெட்டிதான் பேனல். சட்டைப் பட்டன்களைத் தைத்து அவற்றுக்கிடையே கம்பளி நூலை வயராக ஓட்டினோம். இரண்டு கோடுகள் குறுக்கிடும் இடத்தில் புள்ளி இருந்தால் அவை சேர்கின்றன. புள்ளி இல்லையென்றால் ஒன்றை ஒன்று தாண்டிப் போகின்றன. இதுதான் முதல் பாடம். ஒவ்வொரு குறுக்குக் கோட்டிலும் விரலை வைத்து, "சேருதா, தாண்டுதா?" என்று கேட்டுவிட்டுத்தான் நூலைக் கோப்பார்.

"நாப்பது வயசுக்கு மேல இன்ஜினியர் ஆவப் போறியா?" என்பார் அப்பா.

"ஆவறேன். நீ எழுந்து சோறு வடி."

முதுகைப் பிடித்துக்கொண்டே வடிப்பார்.

டெஸ்ட் நாளன்று அம்மா ரயிலேறிப் போனபின் நான் கல்லூரிக்குப் போனேன். நூலகத்தில் அதே புத்தகத்தின் அசல் இருந்தது. டெஸ்டில் வரும் அதே மோட்டார் டிராயிங் என்று நாங்கள் பழகிய பக்கத்தைச் சும்மா திருப்பிப் பார்த்தேன். ஒரு குறுக்குக் கோட்டில் புள்ளி இல்லை. எங்கள் ஜெராக்ஸில் இருந்தது. மெஷின் கண்ணாடியில் ஒட்டியிருந்த ஏதோ தூசி. அந்த இரண்டு வயரும் சேர்ந்தால், மோட்டாரை ஓட்டும் பச்சைப் பட்டனை அழுத்தியதும் கரண்ட் வரும் ஃபேஸும் அது திரும்பும் நியூட்ரலும் நேருக்கு நேர் முட்டும். அட்டைப்பெட்டியில் கரண்ட் இல்லை. அங்கே எந்தத் தப்பும் வெடிக்காது.

அம்மாவுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. புத்தகத்தையும் ஜெராக்ஸையும் பையில் போட்டுக்கொண்டு ரயில் பிடித்து, ஷேர் ஆட்டோ பிடித்து, கம்பெனி கேட்டுக்கு ஓடினேன்.

"போனெல்லாம் இங்க என் டப்பாலதான் கீது நைனா," என்றார் செக்யூரிட்டி அண்ணன். "உள்ள டெஸ்ட் நடக்குது. இன்னா சேதி?"

"குறுக்கப் போற கோட்டுல புள்ளி இல்லன்னு மட்டும் எங்கம்மாகிட்ட சொல்லுங்கண்ணா."

"புள்ளியா? உங்கம்மா உள்ள பேனல் பண்ணிகினு கீதா, கோலம் போட்டுகினு கீதா?"

"பட்டன அமுக்குனா வெடிச்சிடும்ணா!"

அவர் சிரிப்பு நின்றது. உள்ளே ஓடினார். திரும்பி வந்தபோது முகம் தொங்கியிருந்தது. "வுடல நைனா. புள்ளைங்கள வெச்சி காப்பி அடிக்கிறீங்களான்னு கான்ட்ராக்டர் ஆளு கதவச் சாத்திட்டான்."

என்னைப் போகச் சொல்லாமல் பக்கத்திலேயே நின்றார். அடுத்த கம்பெனியில் தகடு அடிக்கும் பவர் பிரஸ் இடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வோர் இடிக்கும் என் உடம்பு தூக்கிப் போட்டது.

உள்ளே நடந்ததைப் பிறகு அம்மாவின் பக்கத்து பெஞ்ச் அக்கா சொன்னார். அம்மா விரல் பழகிய வேகத்தில் பூட்டி, முதல் ஆளாய்க் கையைத் தூக்கியிருக்கிறார். டெஸ்ட் வைத்த கம்பெனி சூப்பர்வைசர் கரண்ட் சப்ளை கொடுத்துவிட்டுப் பச்சைப் பட்டனில் விரலை வைத்தார். அம்மாவோ கை தூக்கிய பிறகும் டிராயிங்கின் மேல் கோடு கோடாக விரலை ஓட்டிக்கொண்டிருந்தார். விரல் ஓரிடத்தில் நின்றது.

"சார், அமுக்காதீங்க!"

"என்னம்மா, முடிச்சிட்டேன்னு நீங்கதானே கை தூக்கினீங்க?"

"தூக்கினேன் சார். இங்க தாண்டுது. நான் சேத்துட்டேன்."

"அது சும்மா பயப்படுது சார்," என்றாராம் கான்ட்ராக்டர் ஆள். "நீங்க அமுக்குங்க, நேரமாவுது."

"வேணாம் சார். எனக்கு ஃபெயிலு போட்டுக்கோங்க. கைய எடுங்க."

எடுத்தார். சப்ளையை நிறுத்தினார். அந்த வயரை முனையிலிருந்து முனைவரை பார்த்தார். பிறகு ஃபெயில் என்று எழுதினார்.

ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்த அம்மா என்னைக் கண்டதும், "வேலை பூட்ச்சிடா நைனா," என்றார். நூலகப் புத்தகத்தைக் காட்டினேன். ஜெராக்ஸை வாங்கி அந்தப் புள்ளியை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "தூசிக்கா இவ்ளோ நாளு நூலு கோத்தோம்?" என்று கேட்டு, அந்தக் கேட்டிலேயே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் கான்ட்ராக்டர் ஆள் அம்மாவின் கேட் கார்டை வாங்கி வைத்துக்கொண்டார். அம்மா வீட்டுக்குத் திரும்பவில்லை. கேட்டிலேயே நின்றார். வண்டியில் வந்த சூப்பர்வைசர் இறங்கி, "இவங்களுக்கு மறுபடியும் டெஸ்ட் வைக்கணும். கார்டைக் குடுங்க," என்றார். அம்மா அவரிடம் கேட்டது ஒன்றுதான்: "பழகறதுக்கு சுத்தமான டிராயிங் ஒண்ணு குடுங்க சார்." கொடுத்தார். இரண்டாவது டெஸ்டில் பட்டன் அழுந்தியது, மோட்டார் ஓடியது. நோய் படுக்கையில் தள்ளும்வரை அம்மா அந்த வேலையில் இருந்தார். நான் டிப்ளமோ முடித்தேன்.

கடைசி மாதங்களில் சிறுநீரகம் அம்மாவைப் படுத்தியபோது, முறை வைத்து ஆஸ்பத்திரியில் உடனிருந்த அக்காக்களுக்கு நன்றி. தோளில் தாங்கி ஆட்டோவில் ஏற்றிய தெருக்காரர்களுக்கும், எங்களுக்கு ஒருவேளைகூட அடுப்பு மூட்ட விடாத எதிர்வீட்டு அத்தைக்கும் நன்றி. வேலையை விட்டுவிட்டு உள்ளே ஓடிய செக்யூரிட்டி அண்ணனுக்கும் நன்றி.

அன்று ஃபெயில் போட்ட சூப்பர்வைசர் ஐயாவும் இன்று வந்திருக்கிறார். ஐயா, அம்மா சொன்னது சரியா தப்பா என்று உங்களுக்கு அப்போது தெரியாது. தெரிந்துகொள்வதற்கு முன்பே, ஒரு கான்ட்ராக்ட் பெண்மணி வேண்டாம் என்றதும் பட்டனிலிருந்து கையை எடுத்தீர்கள்.